பந்து பட்டது என்று எழுதிய கை

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஓட்டப் போட்டிக்கான சுற்றறிக்கையைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ரோஸ்லின் அக்காவின் பெயர் தெரிந்தது. சகாயமேரி சிஸ்டரின் தங்கை அவர். வேலை நேரத்தில் என்னை அழைத்ததே கிடையாது. எடுத்துக் காதில் வைத்தேன். "அக்கா போயிட்டாங்க தனா. காலைல ஆறே காலுக்கு. அடக்கம் நாளைக்கு மூணு மணி" என்றார். அழவில்லை. நானும் "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். சுற்றறிக்கையில் மிச்சமிருந்த இரண்டு வரியை அடித்து முடித்து, அச்செடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, பிறகுதான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் புத்தி அப்படிப்பட்டது. முதலில் கையிலிருக்கும் காகிதம், மனுஷர் அப்புறம். இந்தக் கட்டுரையே அந்தப் புத்தியைப் பற்றியதுதான் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சிஸ்டரை வேறு மாதிரி தெரிந்திருக்கும். வலது கையில் மாவுக்கட்டு, தலையில் வெள்ளைத் துணி, ஒலிவாங்கிகளுக்கு நடுவில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் குள்ளமான அம்மாள். கீழே ஓடிய எழுத்து, "ஹாக்கி அணியைக் கவிழ்த்த நர்ஸ்" என்றது. சிலர் அவரைக் கன்னியாஸ்திரி என்றே நினைத்து, மடத்துப் பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று எழுதினார்கள். அதைப் படித்துக் காட்டியபோது சிஸ்டர் சிரித்தார். "நான் ஆஸ்பத்திரி சிஸ்டர் மேன். மடத்துல என்னை ஒரு நாள் வெச்சிருக்க மாட்டாங்க" என்றார். ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் தங்கையோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விபத்துப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு எங்கள் கல்லூரி விளையாட்டுத் துறைக்கு வந்தவர் அவர். முதலுதவி அறை அவர் பொறுப்பு. ஒரு கட்டில், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு மேசை, அதன்மேல் நீளமான ஒரு காயப் பதிவேடு. நான் அதே துறையின் எழுத்தர். ஸ்ரீராம்புரத்துக்காரன். சட்டைக் கணக்கும் சாவிக்கொத்தும் என்னிடம். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

அவரை நான் முதன்முதலில் உண்மையாகப் பார்த்தது ஓர் அரையிறுதி ஆட்டத்தில். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். கடைசி நிமிடத்தில் நடுவர் கொடுத்த ஒரு தீர்ப்புக்கு இரண்டு அணியும் மட்டையைத் தூக்கின. ஹாக்கி மட்டையால் மனிதனை அடிக்கும் சத்தம் பந்தை அடிக்கும் சத்தம் மாதிரி இருக்காது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல இருக்கும். ஒருவன் பல் தெறித்து விழுந்தது, இன்னொருவன் முன்னங்கை எலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து நின்றது. நடுவர்கள் ஓடிவிட்டார்கள். நான் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன். சிஸ்டர் ஐஸ் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே நடுவில் நடந்துபோய், முன்னால் நின்றவர்கள் முகத்தில் வீசினார். ஒரு நொடி அத்தனை பேரும் திகைத்து நின்ற சமயத்தில், கீழே சத்தமில்லாமல் கிடந்த ஒருவனின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பல் போனவன் சிஸ்டர், சிஸ்டர் என்று அலறினான். அவர் திரும்பவே இல்லை.

அப்புறம் கேட்டேன். "கத்துறவன் உயிரோட இருக்கான் தனா. கத்தாதவன்கிட்ட மொதல்ல போகணும்" என்றார். கைகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்படியே டீயை வாங்கிக் குடித்தார்.

இனி ‘ரவுண்டு’ பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் சிஸ்டருக்கு அஞ்சலி எழுதினால் அது பொய். எங்கள் ஹாக்கி அணியில் அந்த வழக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆட்டத்தில் தோற்றால், மறுநாள் மதியம் உபகரண அறையில் இளைய ஆட்டக்காரர்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். எத்தனை கோல் வாங்கினோமோ அத்தனை அடி, தொடையின் பின்புறத்தில், மட்டையின் தட்டைப் பக்கத்தால். கோல்கீப்பருக்கு இரண்டு மடங்கு. மூத்தவர்கள் அடிப்பார்கள். பயிற்சியாளர் விக்டர் கதவருகில் நின்று எண்ணுவார். அடி வாங்கியவன் மூத்தவனாகும்போது அவன் கைக்கு மட்டை வரும். விக்டரும் அப்படி வாங்கி வளர்ந்தவர்தான். "எங்களுக்கும் அடிச்சாங்க, அதனாலதான் மெடல் வாங்கினோம்" என்பது அவர் சித்தாந்தம். மெடல்களும் வந்துகொண்டுதான் இருந்தன. கண்ணாடி அலமாரி நிரம்பி, இரண்டாவது அலமாரிக்கு நான்தான் கடிதம் அடித்தேன்.

ரவுண்டு முடிந்ததும் நொண்டிக்கொண்டு எல்லோரும் முதலுதவி அறைக்கு வருவார்கள். சிஸ்டர் ஐஸ் வைப்பார். பிறகு பதிவேட்டைத் திறப்பார். பெயர், தேதி, காயம், காயம் ஏற்பட்ட விதம். முதல்முறை அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் ‘மட்டையால் அடிக்கப்பட்டது’ என்று எழுதப்போனபோது அவரைத் தடுத்தது விக்டர் இல்லை. அடிபட்ட பையன்களே கையைப் பிடித்துக்கொண்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டும் விடுதியும் பெற்றவர்கள் அவர்கள். அணி கலைந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பந்து பட்டது என்று எழுதுங்கள் என்று கெஞ்சினார்கள். சிஸ்டர் எழுதினார். அடுத்த முறையும் எழுதினார். பதினோரு வருடம் எழுதினார்.

சும்மா எழுதிக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போனவனைப் பார்த்துவிட்டு, நேரே போய் அணித்தலைவனைக் கன்னத்தில் அறைந்தார். கல்லூரி முதல்வரிடம் மூன்று தடவை வாய்மொழியாகப் புகார் சொன்னார். முதல்வர் ஒவ்வொரு தடவையும் காபி வரவழைத்தார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கவில்லை, சிஸ்டரும் கொடுக்கவில்லை. எனக்கும் எல்லாம் தெரியும். உபகரண அறையின் சாவி என்னிடம்தானே இருந்தது. ரவுண்டுக்கு முன் நானே திறந்துவிட்டு, முடிந்ததும் பூட்டுவேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கித் தோற்றோம். கோல்கீப்பர் சந்தோஷ். இரண்டாம் ஆண்டு மாணவன், ஆனேக்கல் பக்கத்தில் பூந்தோட்டம் வைத்திருக்கும் முனியப்பாவின் மகன். மறுநாள் திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி. நான் அறையைத் திறந்துவிட்டுக் கதவோரம் நின்றேன். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். சந்தோஷ் மட்டும் திரும்பி நின்றான். நான் வாங்கமாட்டேன் என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆறு கோலையும் நான் ஒருவன் மட்டும் விடவில்லை, அடிப்பதாக இருந்தால் எல்லோரையும் அடியுங்கள், உங்களையும் சேர்த்து என்று விக்டரைப் பார்த்துச் சொன்னான்.

விக்டர் அணித்தலைவன் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கினார். முதல் அடி தோளில். சந்தோஷ் கையைத் தூக்கினான், கெஞ்சவில்லை. இரண்டாவது அடி தாடையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் சரியும்போது மூன்றாவது அடி, மட்டையின் வளைந்த நுனியால், இடது கண்ணில். எனக்குப் பின்னாலிருந்து சிஸ்டர் ஓடிவந்தார். என் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான்காவது அடிக்கு ஓங்கிய மட்டைக்குக் குறுக்கே தன் உடம்பைப் போட்டார். அந்த அடி அவர் முதுகில் பட்டது. அதற்குப் பிறகுதான் விக்டருக்கு நினைவு வந்தது. மட்டையைக் கீழே போட்டார். சந்தோஷ் கத்தவில்லை. சிஸ்டர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பேசு, ஏதாவது பேசு மேன்" என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் சேலையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து மணிக்கு விக்டர் என் மேசைக்கு வந்தார். முகம் கழுவித் தலை வாரியிருந்தார். "தனசேகர், நீ ஆபீஸ்லதான் இருந்தே. இல்லையா?" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது, மிரட்டல்கூடக் கிடையாது. பின்னால் போலீஸ் கேட்டபோதும் ஆபீஸில் இருந்தேன் என்றே சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. பயந்தேன், வேறு காரணம் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சிஸ்டர் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தார். முதுகு நிமிரவில்லை. பதினோரு வருடப் பழக்கம் கையைப் பிடித்து எழுதவைத்தது: ‘பயிற்சியின்போது பந்து பட்டது.’ கோல்கீப்பர் முகத்தில் பந்து படுவது நடக்கக்கூடியதுதான். கல்லூரிக்கு மிகவும் வசதியான வாக்கியம். அன்றைக்கே அதை நகலெடுத்து ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் அந்த வாரம் முழுவதும் எங்கள் மைதானத்தில் பழைய செயற்கைப் புல் விரிப்பைப் பிய்த்தெடுத்துப் புதிதாக விரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லியும் தாருமாகக் கிடந்தது. பயிற்சியே கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். எழுதும்போது யாருக்கும் உறைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் வேறு வாக்கியம் எழுதலாம் என்பதையே மறந்துபோயிருந்தோம்.

மறுநாள் காலை முனியப்பா முதலுதவி அறைக்கு வந்தார். மகனின் ஒரு கண் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன இரண்டு மணி நேரத்தில் வந்தார். சண்டை போடவில்லை. பதிவேட்டின் நகலை மேசையில் வைத்து, ஜன்னல் வழியாக மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிரவுண்டு பூரா ஜல்லி கொட்டிக் கெடக்குதே தாயி. பந்து எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து, அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். அழித்துவிடவில்லை, படிக்கும்படிதான் அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: ‘பயிற்சியாளர் விக்டர் ஹாக்கி மட்டையால் அடித்தார். கடைசி அடியை நான் பார்த்தேன். மேலே எழுதியது பொய்.’ தேதி, நேரம், கையெழுத்து. பதிவேட்டை அப்படியே முனியப்பாவிடம் திருப்பி, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நீங்கள் அறிந்த செய்தி. வாசலில் ஒளிபரப்பு வண்டிகள். விக்டர் கைது, பன்னிரண்டு நாளில் ஜாமீன். அணி ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று தடை. கல்லூரி ஒரு மறுப்பறிக்கை விட்டது. அந்த நர்ஸ் சில காலமாக மனக்குழப்பத்தில் இருந்தார் என்று அதில் ஒரு வரி. அடித்தது நான். கணினியில் அந்த வரியை அடித்தது நான்தான் என்று சொல்கிறேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "மனக்குழப்பம்னு போட்டிருக்கே. பைத்தியம்னே போட்டிருக்கலாம், எழுத்து மிச்சம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்நாள், முன்னாள் ஆட்டக்காரர்களில் ஒரு கூட்டம் விக்டருக்காக ஊர்வலம் போனது. யார் தொடைக்குச் சிஸ்டர் ஐஸ் வைத்தாரோ அவர்களே அவருடைய படத்தைக் கொளுத்தினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் ஓடுகள் கல்லடியில் உடைந்தன. ரோஸ்லின் அக்காவின் நெற்றியில் ஒரு கல் பட்டு நான்கு தையல். அந்தப் பையன்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்தத் தடையால் உண்மையாகவே படிப்பை விட்டுப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதைச் சிஸ்டர்தான் எனக்கு நினைவூட்டினார். "என்மேல கோவப்பட அவங்களுக்குக் காரணம் இருக்கு. மொத நாளே நான் ஒழுங்கா எழுதியிருந்தா இவங்க யாரும் அடியே வாங்கியிருக்க மாட்டாங்க" என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் மட்டை. முதலில் வலது கை. கீழே விழுந்த பிறகு அந்தக் கையையே தரையில் வைத்து மறுபடி மறுபடி அடித்தான் என்று கோயிலிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஐந்து விரலும் மணிக்கட்டும் நொறுங்கின. போகும்போது தலையில் ஒன்று. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வண்டி எண் ஒருவருக்கும் நினைவில்லை. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரியாததை நான் எழுதமாட்டேன்.

அந்த அடிக்கு ஒரு மாதம் கழித்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கல்லூரி வைத்த விசாரணை நடந்தது. வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. சிஸ்டர் மாவுக்கட்டோடு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தார். விக்டரின் வக்கீல் பதினோரு வருடத்துப் பதிவேடுகளையும் மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றாக வாசித்தார். பந்து பட்டது, பந்து பட்டது, மாடிப்படியில் வழுக்கியது, பந்து பட்டது. எல்லாம் உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆமாம் என்றார் சிஸ்டர். எல்லாம் பொய்யா? ஆமாம். அப்படியென்றால் பதினோரு வருடம் பொய் எழுதிய கை கடைசியாக எழுதிய ஒரு வரியை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? அறையில் சிலர் சிரித்தார்கள்.

சிஸ்டர் பதிவேடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கையால் முதல் ஏட்டைப் புரட்டினார். முதல் பெயரைப் படித்தார். இது பந்து இல்லை, மட்டை, நான்கு அடி, அடித்தவன் இன்னார், இந்தப் பையனுக்கு மூன்று நாள் உட்கார முடியவில்லை என்றார். அடுத்த பெயர். இது பந்து இல்லை. அடுத்த பெயர். நீதிபதிக்குப் புரியக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார். நான் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. நடுவில் வக்கீல், இவ்வளவையும் ஒப்புக்கொண்டால் உங்கள் நர்ஸ் பதிவே ரத்தாகும், தெரியுமா என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். அப்படியே ரத்தும் ஆனது.

கடைசியில் நீதிபதி கேட்டார், சந்தோஷை அடித்தபோது உங்களையும் அணியையும் தவிர வேறு யாராவது அங்கே இருந்தார்களா என்று. அணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னொருவர் இருந்தார். மூன்று அடியையும் பார்த்தவர் அவர்தான். பெயரை நான் சொல்லமாட்டேன். அவரே சொல்ல வேண்டும்" என்றார் சிஸ்டர்.

நீதிபதி இரண்டு முறை வற்புறுத்தினார். சிஸ்டர் அசையவில்லை. என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் அந்த வாக்கியத்தை அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன். அச்செடுத்து அவரிடம் நீட்டினேன். இடது கையால், எழுதப் பழகும் குழந்தை மாதிரி, கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

தலையில் பட்ட அடியால் அவருக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியபோது முதல் நாள் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணை பாதியில் இருக்கும்போது கூண்டிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஒத்திவைத்தார்கள். மறுபடி வாய்தா, மறுபடி ஆஸ்பத்திரி. கடந்த மாதம் போய்ப் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் மூடி ரிப்பேர் செய்தார்களா என்று கேட்டார். மீன் விலையைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் என்ன எழுதுகிறாள் என்று கேட்டார். நான் எதற்காகப் போனேனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து கிளம்பியபோது இடது கையால் என் சட்டையைப் பிடித்தார்.

"எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு தனா. உனக்கு ரெண்டுதான ஆச்சு. பரவால்ல" என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். அதற்கப்புறம் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அவர் போன அன்று சாயங்காலமே விக்டரின் வக்கீல் ஒரு தொலைக்காட்சியில் பேசினார். குறுக்கு விசாரணை முடியாத சாட்சியத்துக்கு மதிப்பில்லை, வேறு சாட்சி எவரும் கிடையாது, வருகிற திங்கட்கிழமை வழக்கை முடித்துவிடக் கேட்போம் என்றார். கல்லூரி ஓர் இரங்கல் குறிப்பு அடிக்கச் சொன்னது. உடல்நலக் குறைவால் காலமானார் என்று வரைவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை அடிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெரிய வீரம் இல்லை அது.

வியாழக்கிழமை அடக்கத்துக்கு நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். விசாரணையில் அவர் வாசித்த பெயர்களுக்குரியவர்கள் பலர் வந்தார்கள். தொப்பை போட்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றார்கள். முனியப்பா ஒரு மூட்டை சாமந்தி கொண்டுவந்திருந்தார். கருப்புக் கண்ணாடி போட்ட சந்தோஷ் அதைப் பெட்டிமேல் கை கையாக அள்ளிப் போட்டான். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அவன் பேசுவது இன்னும் குழறுகிறது. பெட்டியை மூடுமுன் பார்த்தபோது சிஸ்டரின் வலது கை ஜெபமாலைக்குக் கீழே மடங்கியே கிடந்தது. நேராக்கவே முடியவில்லை என்று ரோஸ்லின் அக்கா சொன்னார்.

மண் போட்டு முடிந்ததும் முனியப்பாவிடம் போனேன். அன்றைக்கு நான் கதவோரம் நின்றிருந்தேன், மூன்று அடியையும் பார்த்தேன், போலீஸில் பொய் சொன்னேன் என்றேன். அவர் முதலில் புரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார். பூ பறித்து, மண் வெட்டிக் காய்த்துப்போன கை. காது அடைத்துக்கொண்டது, நான் ஒரு கல்லறைமேல் போய் விழுந்தேன். யாரோ அவரைப் பிடித்தார்கள்.

"அந்தம்மா உசுரோட இருக்கச்சொல்ல வாயில என்னா வெச்சினு இருந்த?" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. சந்தோஷ் அப்பாவின் தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினான். முனியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழம பத்து மணி. கோர்ட்டு வாசல்ல நிப்பேன்" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் வேலைக்குப் போனேன். இடது கன்னம் நன்றாக வீங்கிக் கருத்திருந்தது. நிர்வாக அலுவலர் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று தனசேகர் என்று அக்கறையாகத்தான் கேட்டார். கதவு இடித்துவிட்டது சார் என்ற பதில் என் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. யோசிக்காமலே வந்து நின்றுவிட்டது. அதை விழுங்கினேன். சந்தோஷின் அப்பா அறைந்தார் சார், விக்டர் அவனை அடித்ததைப் பார்த்தும் பார்க்கவில்லை என்று சொன்னேனே, அதற்காக அறைந்தார் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சிஸ்டர், உங்களைப் போல இரண்டு மணி நேரம் என்னால் பேச முடியாது. என்னிடம் இருப்பது மூன்றே அடிகள்தான், அதைச் சொல்லிவிடுவேன். போய் வாருங்கள்.